எலும்பு விடும் வழி

பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மாலை வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. உதட்டின் உட்புறம் கொஞ்சம் உறுத்தும், நாக்கு அடிக்கடி அங்கே போய்த் தடவிப் பார்க்கும், அவ்வளவுதான். இரவு படுக்கும் நேரத்துக்குப் பற்கள் கனக்க ஆரம்பிக்கும். மறுநாள் காலையில் இட்லியைக் கடித்தால்கூட வலிக்கும். முறுக்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலி தணியும், ஒரு வாரத்தில் போன சுவடு தெரியாது. கிளிப் போட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே அட்டவணைதான். கம்பி முதல் நிமிடத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறது. வலி மட்டும் ஏன் இத்தனை மணி நேரம் கழித்து வருகிறது? இந்தத் தாமதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால், பல் எப்படி நகர்கிறது என்பதும், எந்தக் கோளாறை எந்த வயதில் சரிசெய்ய முடியும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

பல் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் நார்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள். கயிற்றுக் கட்டிலில் ஆள் கிடப்பதுபோல் பல் இந்த நார்களில் தொங்கிக்கொண்டு கிடக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது வேரின் ஒரு பக்கம் இந்த நார்ப்படலம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. அங்குள்ள செல்கள் சில மணி நேரத்துக்குள் புரோஸ்டாகிளாண்டின் முதலான வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இரவில் வலியைக் கொண்டுவருவது இவைதான். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை வரவழைப்பதும் இவைதான். இரண்டு நாளில் அந்தச் செல்கள் வந்து சேர்ந்து குழியின் சுவரை அரிக்கத் தொடங்குகின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் வேறு வகைச் செல்கள் புது எலும்பை வைக்கின்றன. ஒரு பக்கம் கரைந்து, மறுபக்கம் வளர்ந்து, குழியே இடம் பெயர்கிறது. பல் அதன் கூடவே போகிறது. கிளிப் வலிக்குப் பல டாக்டர்கள் இபுபுரூஃபனைத் தவிர்த்துப் பாரசிட்டமாலை எழுதிக் கொடுப்பது இதனால்தான். புரோஸ்டாகிளாண்டினை அடக்கினால் வலியோடு வேலையும் சுணங்கிவிடலாம் என்ற முன்னெச்சரிக்கை.

இதை முதலில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவர். நாய்களின் முன்பற்களில் கம்பி கட்டி மூன்று வாரம் இழுத்து, பிறகு அந்தத் தாடையை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார். 1904, 1905 ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. விசை அதிகமானால் நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் அறவே நின்று, செல்கள் செத்து, அந்த இடம் கண்ணாடி போன்ற உயிரற்ற படலமாகிவிடுகிறது. செத்த இடத்தில் எலும்பைக் கரைக்க ஆள் இல்லை. பக்கத்து எலும்பு மச்சைக்குள்ளிருந்து செல்கள் புறப்பட்டு, பின்பக்கமாகக் குடைந்துகொண்டு வரவேண்டும். அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். அதுவரை பல் அசையாது. வேரின் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் கூடுகிறது.

‘கம்பியை இன்னும் கொஞ்சம் டைட்டா முறுக்கிவிடுங்க டாக்டர், பொண்ணுக்கு அடுத்த வருசம் காலேஜ்’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. முறுக்கினால் வலி கூடும், வேகம் கூடாது. 1932இல் ஆஸ்திரியாவின் ஏ. எம். ஷ்வார்ட்ஸ் இதற்கு ஓர் அளவே சொன்னார்: வேர்ப் பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் அவ்வளவுதான்; அதை மீறினால் குழாய் மூடிக்கொள்ளும். இன்றைய பாடநூல்கள் ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும் என்கின்றன. எலும்புக்குள் அமுக்க 10 முதல் 20 கிராம்தான். மாதம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். ஒரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்தால் விழும் இடைவெளி சுமார் ஏழு மில்லிமீட்டர். சிகிச்சைக்கு ஏன் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்கிறார்கள் என்பதை இதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கம்பியின் வரலாற்றில் பெரிய மாற்றங்கள் எல்லாமே இந்த மென்மையைத் தேடிப் போனவைதான். எஃகுக் கம்பியை வளைத்துக் கட்டினால் முதல் நாள் விசை அதிகம், பல் கொஞ்சம் நகர்ந்ததும் ஒன்றுமில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பூலர் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவையை 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரீசன் பல்லுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கலவையில் பின்னால் வந்த கம்பிகள் எவ்வளவு வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு விசையை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும். 1997இல் ஸ்டான்ஃபோர்டில் வணிகம் படித்த இருவர் ஆரம்பித்த கம்பெனி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் உறையும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். நாளுக்கு 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். கம்பியானாலும் உறையானாலும் எலும்புக்குள் நடக்கும் வேலை ஒன்றே. விலை மட்டும் ஒன்றல்ல.

எல்லாம் அந்த நார்ப்படலத்தால்தான் என்பதற்கு நேரடிச் சான்று வேண்டுமா? படலம் அழிந்து எலும்போடு ஒட்டிப்போன பல்லை எந்தக் கம்பியாலும் நகர்த்த முடியாது. டைட்டானியம் இம்ப்ளாண்டும் அப்படித்தான். வருடக்கணக்கில் இழுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். அதனால் கிளிப் சிகிச்சை தேவைப்படுபவர் அதை முடித்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பிடிவாதத்தையே டாக்டர்கள் உபயோகமாகவும் மாற்றிக்கொண்டார்கள். எலும்பில் ஒரு சிறு ஸ்க்ரூவைப் பதித்து, அதிலிருந்து பல்லை இழுக்கிறார்கள். பல்லிலிருந்து பல்லை இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும், ஸ்க்ரூ அசையாது.

பற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது பல்வரிசைக் கோளாறுகளில் சுலபமானது. ஆனால் வீட்டு வைத்தியத்தில் மிகவும் ஆபத்தானதும் இதுதான். இரண்டு முன்பற்களையும் சேர்த்து ஒரு சின்ன ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டால் இடைவெளி சில நாளில் மூடிக்கொள்ளும். பிறகு ரப்பர் பேண்டைக் காணோம். பல்லின் வேர் மேலே போகப்போகக் குறுகுவதால், பேண்ட் வழுக்கிக்கொண்டு ஈறுக்குள் ஏறிவிடுகிறது. உள்ளே போய் நார்ப்படலத்தை வெட்டிக்கொண்டே வேர் நுனியை நோக்கி நகர்கிறது. சொத்தை இல்லாத இரண்டு பற்கள் ஆடத் தொடங்கி, கடைசியில் கையோடு வந்துவிட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அத்தனை மெல்லிய விசைக்கு அவ்வளவு வலிமை.

கட்டைவிரலின் கணக்கு

கடைவாய்ப்பற்களால் நாம் முறுக்கைக் கடிக்கும்போது பத்து இருபது கிலோ எடையளவு விசை சாதாரணமாக விழுகிறது. அதற்கெல்லாம் பல் நகர்வதில்லை. வெறும் விரல் சப்பும் குழந்தையின் முன்பற்கள் மட்டும் எப்படித் தூக்கிக்கொள்கின்றன? விசையின் அளவைவிட அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம். ஒரு கடி ஒரு நொடிக்கும் குறைவு. நார்ப்படலத்திலுள்ள திரவம் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு விசை நீடித்தால்தான் எலும்பு பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. பகலில் எப்போதாவது வாயில் விரல் வைக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இரவு முழுக்க விரலோடு தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் வெளியே சாய்கின்றன, கீழ்ப்பற்கள் உள்ளே மடங்குகின்றன. வாய் மூடினாலும் முன்னால் ஒரு சாளரம் திறந்தே இருக்கும். கடைவாய் சேரும், முன்வாய் சேராது. சேவையை முன்பல்லால் கடித்து அறுக்க முடியாத பிள்ளைகள் இவர்கள்.

ஓய்வில் இருக்கும் நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது, உதடும் கன்னமும் வெளியிலிருந்து தள்ளுகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் சமன்பட்ட இடத்தில்தான் பல்வரிசை நிற்கிறது. மூக்கடைப்பால் எப்போதும் வாயைத் திறந்து மூச்சு விடும் குழந்தையின் நாக்கு கீழே தாழ்ந்திருக்கும். அப்போது மேல்தாடைக்கு உள்ளிருந்து தாங்கல் இல்லாமல், கன்னத்தின் அழுத்தத்தில் அது குறுகுவதைப் பார்க்கிறோம். எல்லா வாய்மூச்சுப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விரல் சப்புவதை நான்கு ஐந்து வயதுக்குள், நிலையான முன்பற்கள் முளைப்பதற்கு முன்னால், விட்டுவிட்டால் திறந்த வாய் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், கிளிப்பே வேண்டாம். நம் வீடுகளில் விரலில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். சில பிள்ளைகள் அதையும் சப்பிவிட்டுத் தூங்கிவிடும். விட மனமுள்ள பிள்ளைக்கு ராத்திரியில் முழங்கையைச் சுற்றிப் பஞ்சுக்கட்டு போட்டாலே போதும், கை மடங்காது, பழக்கம் மறக்கும். விடமாட்டேன் என்கிற பிள்ளைக்கு அண்ணத்தில் ஒரு சிறு கம்பிவேலி ஒட்டுகிறார்கள். விரலை அங்கே வைத்தால் சுகமில்லை. அவ்வளவுதான் அதன் வேலை.

இடம் போதாத வாய்

பல்வரிசைக் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது நெரிசல். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, திரும்பிக்கொள்கின்றன, ஒன்றிரண்டு வரிசையை விட்டே வெளியேறிவிடுகின்றன. நம் ஊரில் அழகின் அடையாளமாகவும் கேலிப்பொருளாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் தெத்துப்பல் பெரும்பாலும் கோரைப்பல்தான். மேல்தாடையில் கோரைப்பல் முளைப்பது 11, 12 வயதில். அதற்குள் முன்னாலும் பின்னாலும் உள்ள பற்கள் இடத்தைப் பிடித்துவிட்டிருக்கும். தாமதமாக வந்த பல் வெளிப்பக்கமாக முளைக்கிறது.

இந்த நெரிசலில் ஒரு பகுதி நாமே உண்டாக்கியது. ‘பால்பல்தானே, எப்படியும் விழப்போவுது’ என்று சொத்தையை விட்டுவிடுகிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயது வரை நின்று, பின்னால் வரவிருக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியவை. அவை தமக்குப் பதிலாக வரும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இதனால் மிச்சமாகும். ஏழு வயதில் சொத்தையாகி அந்தப் பால்பல்லைப் பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் மெல்ல முன்னால் சாய்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடுகிறது. பிடுங்கிய அன்றே அந்த இடத்தில் ஒரு வளையமும் கம்பியும் கொண்ட இடம்காப்பான் ஒன்றை மாட்டிவிட்டால் போதும். ஐந்து வருடம் கழித்துப் போடவேண்டிய கிளிப்போடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு சொற்பம். பால்பல் சொத்தையை அடைக்கும் பல் டாக்டரை நான் பல் சீரமைப்பு நிபுணருக்கு நிகராகவே மதிக்கிறேன்.

மறுபகுதிக்கு மரபணு மட்டும் காரணமில்லை. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980களில் வட இந்தியாவில் பல்வரிசைகளை அளந்து பார்த்தார். சண்டிகர் நகரத்து இளைஞர்களிடம் சுற்றுப்புறப் பஞ்சாபிக் கிராமத்தாரைவிடக் கோளாறு அதிகமாக இருந்தது. ஒரே இனம், ஒரே மரபு, உணவு வேறு. மென்மையான உணவை உண்டு வளரும் தாடை முழு அளவுக்கு வளருவதில்லை என்பது அவர் முடிவு. 2004இல் டேனியல் லீபர்மனும் கூட்டாளிகளும் ஹைராக்ஸ் என்ற முயல் அளவு விலங்குகளில் ஒரு பகுதிக்குச் சமைத்த உணவும், மறுபகுதிக்குப் பச்சையாகவும் காய்ந்தும் இருந்த உணவும் கொடுத்து வளர்த்தார்கள். சமைத்ததைத் தின்றவற்றின் முகத்தில், மெல்லும்போது அதிக விசை விழும் பகுதிகள் சுமார் பத்து சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன. அதற்காகக் குழந்தைக்குக் கரும்பைக் கடிக்கக் கொடுத்தால் பல் நேராகிவிடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. கொடுப்பதில் தவறில்லை.

இடம் போதாவிட்டால் என்ன செய்வது? பல்லை எடுப்பதா, தாடை வளைவை விரிப்பதா? பல் சீரமைப்புத் துறையின் மிக நீண்ட சண்டை இது. துறையின் தந்தை என்று சொல்லப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், 1899இல் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் உலகமெங்கும் டாக்டர்கள் அதே பிரிவுகளைத்தான் எழுதுகிறார்கள். இயற்கை கொடுத்த பற்கள் அத்தனையும் வாயில் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இடம் உண்டாக்க முடியும் என்பது அவர் கொள்கை. பல் பிடுங்குவதை அவர் ஏற்கவே மாட்டார். 1930இல் ஆங்கிள் இறந்தார். அவருடைய மாணவர், அரிசோனாவில் தொழில் செய்த சார்லஸ் ட்வீட், குருவின் முறைப்படி தான் சிகிச்சை செய்தவர்களையே திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருக்கு முகம் முன்தள்ளியிருந்தது, பற்கள் பழையபடி கோணியிருந்தன. அவர்களில் பலருக்கு நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி சிகிச்சை செய்தார். 1940இல் நூறு பேரின் பதிவுகளை மருத்துவர்கள் முன்னால் பரப்பி வைத்தார். குருத்துரோகம் என்று வசை வாங்கினாலும், அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் சொன்னதுதான் நடைமுறை. பிறகு ஊசல் திரும்பியது. இன்று டாக்டர் முதலில் பிளாஸ்டர் அச்சிலோ கம்ப்யூட்டர் ஸ்கேனிலோ பற்களின் மொத்த அகலத்தையும் வளைவின் நீளத்தையும் அளக்கிறார். பற்றாக்குறை நான்கு மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதில்லை. பற்களின் பக்கவாட்டு எனாமலை நூலளவு சீவியே சமாளித்துவிடலாம். பத்து மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறும். அங்கே உதடும் முகவாட்டமும் முடிவு செய்கின்றன.

கோரைப்பல் எலும்புக்குள்ளேயே வழி தவறுவதும் உண்டு. மேல் கோரைப்பல்லின் கரு உருவாவது கண்குழிக்குக் கீழே, மூக்கின் பக்கத்தில். அங்கிருந்து அது இறங்கி வரவேண்டிய பாதைதான் மேல்தாடையில் மிக நீளமானது. நூறில் இரண்டு பேருக்கு அது அண்ணத்துப் பக்கமோ கன்னத்துப் பக்கமோ திரும்பி மாட்டிக்கொள்கிறது. போகிற வழியில் பக்கத்து முன்பல்லின் வேரைக் கரைத்துவிடவும் கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையின் பால் கோரைப்பல்லுக்கு மேலே, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தால் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். இருபக்கமும் தட்டுப்பட்டால் சரி. ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஸ்வீடனில் எரிக்சனும் கூரோலும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அழகான ஆய்வுகளில் ஒன்று. 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளில் அண்ணத்துப் பக்கம் திரும்பிய 46 கோரைப்பற்கள்; அவர்கள் செய்தது பால் கோரைப்பல்லைப் பிடுங்கியது மட்டுமே. 36 பற்கள் தாமாகவே நேர்வழிக்கு வந்துவிட்டன. அந்த வயதைத் தவறவிட்டால், ஈறை அறுத்துப் பல்லைத் தேடி, அதில் சிறு சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். அதுவும் முடியும், பொறுமை வேண்டும்.

பல்லா, தாடையா?

எத்துப்பல்லோடு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனால், டாக்டர் முதலில் பல்லைப் பார்ப்பதில்லை; பக்கவாட்டில் முகத்தைப் பார்க்கிறார். பிறகு தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராட்டும் தனித்தனியே கொண்டுவந்த முறை அது. மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. எட்டு, பத்து என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: பல் மட்டும் சாய்ந்திருக்கிறது, மேல்தாடை முன்னால் வந்திருக்கிறது, அல்லது கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. மூன்றாவதுதான் அதிகம். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே எத்துப்பல்தான்.

இதை அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. துருத்தல் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே, கீழே விழும்போது முன்பல் உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. 1977இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற மருத்துவரிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று முழுதாகக் கழன்றுவிட்டிருந்தது. அதைத் திரும்பக் குழியில் வைத்திருந்தார்கள். ஆனால் பற்கள் துருத்தியிருந்ததால் கீழுதடு அவற்றுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு, பதித்த பல்லை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பையன் வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னால் வந்தாக வேண்டும் என்று கிளார்க் ஒரு வழி செய்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு, கீழே ஒரு தகடு. இரண்டிலும் சாய்வான கட்டைகள். வாய் மூடினால் கட்டைகள் ஒன்றோடொன்று சறுக்கித் தாடையை முன்னுக்குத் தள்ளும். ட்வின் பிளாக் என்ற பெயரில் இன்று நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அன்றாடம் செய்து மாட்டுகிறார்கள்.

இதில் விளம்பரங்கள் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. ‘தாடையை வளர்க்கிறோம்’ என்பார்கள். 2003இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், ட்வின் பிளாக்கால் குறைந்த துருத்தலில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்தான் எலும்பு மாற்றத்தால் வந்தது. மற்றதெல்லாம் பற்கள் சாய்ந்ததால். எட்டு வயதிலேயே ஆரம்பித்தவர்களும் பதின்பருவம் வரை காத்திருந்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்று 2013ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொல்கிறது. ஒரே ஒரு ஆதாயம்: சீக்கிரம் ஆரம்பித்த பிள்ளைகளுக்குப் பல் உடைவது குறைவு. மரத்திலும் மதிலிலும் ஏறும் பிள்ளை என்றால் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

மேல்தாடை அகலத்தில் குறுகியிருந்தால் கதை நேர்மாறு. அங்கே காத்திருக்கக் கூடாது. இயல்பாக மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று வெளியே உட்கார வேண்டும். குறுகிய அண்ணத்தில் அவை உள்ளே விழுகின்றன. குழந்தை வசதிக்காகத் தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகுகிறது. அப்படியே வளர்ந்தால் முகவாய் கோணலாக நிற்கும் அபாயம் உண்டு. மேல்தாடை ஒரே எலும்பு கிடையாது, வலமும் இடமும் இரண்டு. அண்ணத்தின் நடுக்கோட்டில் அவை சேரும் தையல், பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை முழுக்க இறுகுவதில்லை. 1860இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்பவர் 14 வயதுச் சிறுமியின் மேல் பற்களுக்கு இடையே ஒரு ஸ்க்ரூவை மாட்டி, சாவியை அவளிடமே கொடுத்துத் திருப்பச் சொன்னார். இரண்டே வாரத்தில் தாடை கால் அங்குலம் அகன்றது. இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. எலும்பே பிரிந்துவிட்டது என்று அவர் எழுதியதைப் பத்திரிகை ஆசிரியரே நம்பவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன, நிரூபிக்க வழியில்லை. நூறாண்டு கழித்து, 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் அந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

இப்போதும் அதே ஸ்க்ரூதான், அதே சாவிதான். ஒரு கால்திருப்பம் என்றால் கால் மில்லிமீட்டர். அம்மாவோ அப்பாவோ காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று திருப்புகிறார்கள். மூக்கின் அடியில் ஓர் அழுத்தம் தெரிவதாகப் பிள்ளை சொல்லும், சில நிமிடத்தில் போய்விடும். பத்து நாளுக்குள் முன்பற்களுக்கு நடுவில் பெரிய சந்து திறக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் டாக்டருக்குப் பதறிப்போய் போன் வரும். பல்லை இணைக்கும் ஈறு நார்கள் இழுத்து, அந்தச் சந்து சில மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். திருப்புவதை நிறுத்திய பிறகும், பிரிந்த இடத்தில் எலும்பு நிரம்பும் வரை ஐந்தாறு மாதம் கருவியை எடுக்க மாட்டார்கள். இதையே 25 வயதில் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் அறுவைசிகிச்சையோ எலும்பு ஸ்க்ரூவோ தேவைப்படும்.

கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்பது ஆங்கிளின் பிரிவில் மூன்றாவது வகை. ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் ஓவியங்களில், குறிப்பாக ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் மன்னரின் படங்களில், அதன் உச்சத்தைப் பார்க்கலாம். மேல்தாடை பின்தங்கியதால் வந்த கோளாறு என்றால், பத்து வயதுக்குள் நெற்றியிலும் முகவாயிலும் தாங்கல் வைத்த முகக்கவசக் கருவியால் மேல்தாடையை முன்னால் இழுத்துப் பார்க்கலாம். கீழ்த்தாடை மிகையாக வளர்வதை நிறுத்த நம்பகமான கருவி கிடையாது. பையன்களுக்கு அது 18, 20 வயது வரைகூட வளரும். வளர்ச்சி நின்ற பிறகு, 1957இல் ஹூகோ ஓப்வெகெசர் வெளியிட்ட முறையில் தாடை எலும்பை இரு பலகையாகப் பிளந்து பின்னால் நகர்த்துகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் கிளிப். 15 வயதில் அவசரப்பட்டுப் பற்களை மட்டும் சாய்த்து மறைத்துவிட்டால், 19 வயதில் தாடை மீண்டும் முந்திக்கொள்ளும். அப்போது அறுவைசிகிச்சைக்கு முன்னால், சாய்த்த பற்களையெல்லாம் திரும்ப நிமிர்த்த வேண்டியிருக்கும்.

திரும்பிப் போகும் பற்கள்

கிளிப்பைக் கழற்றிய நாளில் பல் ஓரளவு ஆடிக்கொண்டுதான் இருக்கும். வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலம் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் பிடிக்கிறது. ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடமும் போதாமல் போகலாம். திருப்பிவிட்ட பல்லை அவை பழைய பக்கத்துக்கே முறுக்கிக்கொண்டிருக்கும். ரீட்டெய்னர் கொடுப்பது இதற்காகத்தான்.

ஒரு வருடம் போட்டால் தீர்ந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் குழுவினரும், முன்கடைவாய்ப்பல் எடுத்துச் சிகிச்சை செய்த 65 பேரை ரீட்டெய்னர் நிறுத்திப் பத்தாண்டு கழித்து அழைத்துப் பார்த்து 1981இல் எழுதினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்காரர்களுக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்லவும் அவர்களால் முடியவில்லை. பழி வழக்கமாக ஞானப்பல்லின் மேல் விழும். ஆனால் பிறவியிலேயே ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் வயதோடு நெருங்குகின்றன. கிளிப்பே போடாதவர்களுக்கும் அப்படித்தான். ஞானப்பல்லைப் பிடுங்கச் சரியான காரணங்கள் பல உண்டு, முன்பல் கோணிவிடும் என்பது அவற்றில் சேராது.

அதனால் இப்போது பல டாக்டர்கள் கீழ் முன்பற்களின் பின்புறம் ஒரு மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். அங்கே காரை படியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். மேலே கழற்றி மாட்டும் ரீட்டெய்னர். முதலில் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை. அது தொலையும் இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கல்யாணப் பந்தியில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இலை எடுக்கிறவர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். தொலைந்த வாரமே போனால் பழைய அச்சை வைத்தே இன்னொன்று செய்துவிடலாம். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் போனால் புதிதாக அச்சு எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் நகர்ந்துவிட்ட பல்லுக்கு மறுபடி கிளிப்பா, அப்படியே விட்டுவிடுவதா என்று டாக்டர் கேட்பார்.